உடலில் ஏறிய ஓவியங்கள்: ஹொக்குசாயின் பேரலை முதல் மெதூசா வரை

முன்னுரை

புகழ்பெற்ற ஓர் ஓவியத்தையோ அதன் ஒரு பகுதியையோ உடலில் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஹொக்குசாயின் பேரலை, வின்சென்ட் வான் கோவின் 'விண்மீன் இரவு', கிளிம்ட்டின் 'முத்தம்', மைக்கலாஞ்சலோவின் 'ஆதாமின் படைப்பு' ஓவியத்தில் தொட்டுக்கொள்ளப் போகும் இரண்டு விரல்கள் ஆகியவை அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படுபவை. குத்திக்கொண்டவரிடம் காரணம் கேட்டால் அவர் பெரும்பாலும் ஓவியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார். "எனக்கு இதில் ஒரு தனி அர்த்தம் இருக்கிறது" என்கிறார்.

இக்கட்டுரை அந்தத் தனி அர்த்தத்தைப் பற்றியது. ஓவியர் கருதிய பொருள் ஒன்றாகவும் அணிந்தவர் சொல்லும் பொருள் வேறாகவும் இருந்தால் எதை ஏற்பது? 'அவரவர் விருப்பம்' என்று விட்டுவிடலாமா? அல்லது ஒரு கவிதைக்கு எழுதிய உரையை மதிப்பிடுவதைப் போல இதையும் மதிப்பிட முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு ஒரு திருமண வீட்டில் எழுந்தது. நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரைப் பள்ளியொன்றில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண், இப்போது செவிலியர், பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முன்கையில் ஹொக்குசாயின் அலை இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் தன் தம்பியை இழந்தவள் அவள். தம்பியைக் கொண்டுபோன அலையையா கையில் எழுதிக்கொண்டாய் என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டு, வேறொன்று கேட்டேன்: "இந்தப் படத்துல படகு இருக்குமே, அதை ஏன் விட்டுட்டே?" அவள் சொன்ன பதில் என் கருத்தை மாற்றியது. அதற்கு முன் மூல ஓவியத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூல ஓவியம்

'கனகாவா கடற்பரப்பில் பேரலை' எனப்படும் இப்படத்தை ஜப்பானிய ஓவியர் கத்சுஷிகா ஹொக்குசாய் (1760–1849) ஏறத்தாழ 1831ஆம் ஆண்டில் உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' என்ற வரிசையில் இது ஒன்று. வரிசைக்குக் கிடைத்த வரவேற்பினால் பின்னர் 10 படங்கள் சேர்க்கப்பட்டு மொத்தம் 46 ஆயின.

இது தூரிகையால் தீட்டிய ஓவியம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மரச்செதுக்கு அச்சுப்படம். ஓவியர் வரைந்து கொடுப்பார்; செதுக்குநர் அதை மரப்பலகையில் வெட்டுவார்; அச்சிடுபவர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை கொண்டு தாளில் ஒற்றி எடுப்பார்; பதிப்பாளர் விற்பார். அளவு சுமார் 25 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம், பள்ளி வரைபட ஏட்டை விரித்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கில் அச்சாகிச் சாதாரண மக்களும் வாங்கக்கூடிய விலைக்கு விற்றது. அன்று ஜப்பானில் புதிதாகப் பரவிய பிரஷ்ய நீலம் என்ற செயற்கை நிறமியே அதன் ஆழ்ந்த நீலத்துக்குக் காரணம்.

படத்தில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, நகம் நீட்டிய விரல்களைப் போல நுரை கிளைத்து நிற்கும் அலை. இரண்டாவது, அலையின் பள்ளத்தில் சிறியதாக, பனி மூடிய ஃபூஜி மலை. மூன்றாவது, அலைக்கு நடுவே மூன்று படகுகள். அவற்றில் துடுப்பைப் பற்றிக் குனிந்திருக்கும் மனிதர்கள். இவை பிடித்த மீனை எடோ நகரத்துச் சந்தைக்கு விரைவாகக் கொண்டுசேர்க்கும் வகைப் படகுகள். எடோதான் இன்றைய டோக்கியோ. ஆகவே இப்படத்தின் மனிதர்கள் மீன் தொழிலை நம்பி வாழ்பவர்கள். இன்று இந்த அலை ஜப்பானில் 2024இல் வெளியான 1,000 யென் தாளின் பின்புறத்திலும் இடம்பெற்றுள்ளது.

அச்சும் பச்சையும்

ஓர் ஓவியத்தைப் பச்சையாகக் குத்துவது அதன் மதிப்பைக் குறைக்கும் என்ற கருத்து உண்டு. ஹொக்குசாயின் படத்தைப் பொறுத்தவரை இக்கருத்து வலுவற்றது. அருங்காட்சியகங்களில் இருக்கும் பேரலைகள் அனைத்தும் படிகளே. 'இதுதான் ஒரே மூலம்' என்று எதையும் காட்ட முடியாது. மேலும், ஜப்பானில் மரச்செதுக்கு அச்சும் பச்சை குத்துதலும் நெருங்கிய உறவுடைய கலைகள். 1827 முதல் உத்தகாவா குனியோஷி வெளியிட்ட படவரிசை ஒன்றில், 'சூயிகோடென்' என்ற சீனக் கதையின் வீரர்கள் உடல் முழுதும் பச்சை குத்தியவர்களாக வரையப்பட்டனர். அவற்றைப் பார்த்து நகரத்து உழைப்பாளிகள் அதே உருவங்களைத் தம் உடலில் குத்திக்கொண்டார்கள். 'ஹொரி' என்ற ஜப்பானியச் சொல் செதுக்குவதைக் குறிக்கும். பச்சைக் கலைஞர்களின் தொழிற்பெயர்கள் அச்சொல்லுடன் தொடங்குவது இன்றும் தொடரும் மரபு.

1872இல் மெய்ஜி அரசு பச்சை குத்துவதைத் தடை செய்தது. 1948 வரை தடை நீடித்தது. பச்சை குத்துவதற்கு மருத்துவர் உரிமம் தேவையில்லை என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2020இல்தான் தெளிவுபடுத்தியது. பச்சை குத்தியவர்களைச் சேர்க்காத பொதுக் குளியலகங்கள் அந்நாட்டில் இன்னும் உண்டு. ஜப்பானிய அலையைப் பெருமையோடு கையில் காட்டும் வெளிநாட்டவர் அந்த அலை பிறந்த நாட்டிலேயே சில கதவுகளுக்கு வெளியே நிற்க நேரிடும்.

நம் ஊரிலும் பச்சை புதிதல்ல. என் அப்பாயியின் முன்கையில் புள்ளிக்கோலம் இருந்தது. ஊர் ஊராக வந்த குறத்தி குத்தியது. தோலுக்கடியில் கரிய மை பச்சையாகத் தெரிவதால் வந்த பெயரே 'பச்சை'. போட்ட நகையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், கூட வருவது இது ஒன்றுதான் என்று அப்பாயி சொல்வார். அந்தக் கோலத்துக்கு ஓவியர் பெயர் கிடையாது. இன்றைய வழக்கத்தில் புதியது இதுதான்: பெயர் தெரிந்த ஓவியர் ஒருவர், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காகச் செய்த படைப்பைத் தன்னுடையதாக்கிக்கொள்வது. அதனால்தான் இதற்கு விமர்சனமும் தேவைப்படுகிறது.

தோலுக்கு வரும்போது மாறுபவை

நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரெய்லி 1891இல் மின்சாரப் பச்சைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் மின்சாரப் பேனாவை அடிப்படையாகக் கொண்ட கருவி அது. இன்றைய கருவிகளும் ஊசியால் மையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், தோலின் உள்ளடுக்கில் செலுத்துகின்றன. மேலடுக்குத் தோல் தொடர்ந்து உதிர்ந்து புதிதாவதால் அங்கே மை தங்காது. உள்ளடுக்கில் உடலின் பாதுகாப்பு அணுக்கள் மைத்துகளை அயற்பொருள் என்று விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு இறந்தால் அது விட்ட துகளை இன்னோர் அணு எடுத்துக்கொள்கிறது என்று 2018இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. உடல் வெளியேற்ற முயன்று முடியாமல் சுமந்துகொண்டிருப்பதே பச்சை.

இதனால் ஓவியத்துக்குச் சில மாற்றங்கள் நேர்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லிய கோடுகள் பரவித் தடிக்கும். நெருக்கமான சிறு உருவங்கள் கலங்கிவிடும். கோட்டை நம்பிய படங்கள் தோலுக்கு நன்றாக வருகின்றன. சாயத்தின் தடிமனை நம்பிய படங்கள் வருவதில்லை. பேரலை முதல் வகை. 'விண்மீன் இரவு' இரண்டாம் வகை. வான் கோ அதில் சாயத்தை அப்பி அப்பி ஏற்றியிருக்கிறார். அந்தச் சுழலின் வேகம் சாயத்தின் மேடுபள்ளத்தில் இருக்கிறது. தோலில் சுழி வரும், மேடு வராது.

வெண்மையும் ஒரு சிக்கல். மூலத்தில் நுரையும் பனியும் வெள்ளை. வெள்ளை மை தோலில் நெடுநாள் பளிச்சென்று நிற்பதில்லை. ஆகவே பல கலைஞர்கள் நுரையின் இடத்தை மையில்லாமல் விட்டுவிடுகிறார்கள். என் மாணவியின் கையிலும் அப்படித்தான். அவள் அலையின் நுரை அவள் தோலின் மாநிறம். தேர்ந்த கலைஞர் செய்த முடிவு அது. படம் அதனால் நன்றாகவே இருந்தது.

பெரிய மாற்றம் வெட்டுவதில் நேர்கிறது. இடம் போதாமலோ, சிறு உருவங்கள் கலங்கிவிடும் என்ற கவலையாலோ, பலரும் அலையை மட்டும் எடுத்துக்கொண்டு படகுகளையும் மலையையும் விட்டுவிடுகிறார்கள். ஹொக்குசாயின் படத்துக்குப் பொருள் தருவது மூன்றுக்கும் உள்ள உறவு: எழுகின்ற அலை, அசையாத மலை, இடையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர். மனிதரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான நீர் வளைவு. அதைக் கையில் குத்திக்கொண்டு 'மன உறுதியின் அடையாளம்' என்று சொல்பவரை நான் ஏற்கமாட்டேன். உறுதியைக் காட்டியவர்கள் படகில் குனிந்திருந்தவர்கள். அவர்களைத்தான் அவர் வெட்டி எறிந்திருக்கிறார்.

சுனாமியா?

இப்படத்தைச் சுனாமி என்று கூறுவது பரவலான பிழை. ஆழ்கடலில் சுனாமி செல்லும்போது நீர்மட்டம் மிகச் சிறிதே உயரும். மேலே மிதக்கும் படகுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆழம் குறைந்த கரையை நெருங்கும்போதுதான் அது உயர்ந்து ஊருக்குள் புகுகிறது. ஹொக்குசாய் காட்டுவது கடற்பரப்பில், காற்றாலும் நீரோட்டத்தாலும் எழுந்து மடியும் அலை. அங்கே ஆபத்து கடலில் இருப்பவருக்கு. தொலைவில் நிலம் அமைதியாக இருக்கிறது.

2004இல் எங்கள் கரையில் நடந்தது இதற்கு நேர்மாறு. அன்று காலை ஆழ்கடலில் இருந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். கரையில் இருந்தவர்களே மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது என் வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவும் தெரிந்த ஆசிரியை என்ற நினைப்பில்தான் படகு எங்கே என்று கேட்டேன். அவள் இலையிலிருந்து நிமிராமல் சொன்னாள்: "அப்பா படகுல இருந்தாரு, தப்பிச்சுட்டாரு டீச்சர். கரையில நின்ன எங்களுக்குப் படகு ஏது? ஏறி நிக்க மலைதான் ஏது?"

எங்கள் கடற்கரை தட்டையானது. கண்ணுக்கெட்டிய தூரம் குன்று கிடையாது. அவள் படகையும் மலையையும் அறியாமல் விடவில்லை. மூலத்தில் அவை இருப்பதைத் தெரிந்தே, தன் கரையில் அவை இல்லாததால் நீக்கியிருக்கிறாள். ஹொக்குசாயின் படம் சுனாமியைக் காட்டவில்லை. அந்த இரண்டையும் நீக்கிய அவள் படம் காட்டுகிறது. அதே வெட்டு, ஒருவரிடம் கவனக்குறைவு, இன்னொருவரிடம் விளக்கவுரை. வெட்டியதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

வான் கோவின் இரண்டு ஓவியங்கள்

மனநோயிலிருந்து மீண்டவர்கள் பலர் 'விண்மீன் இரவு' ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கு நியாயம் உண்டு. வான் கோ தானே விரும்பிச் சேர்ந்த சென்-ரெமி மனநலக் காப்பகத்தில், 1889 ஜூனில், கிழக்கு நோக்கிய தன் அறையின் சன்னல் காட்சியைக் கொண்டு இதைப் படைத்தார். சன்னலில் இருந்த கம்பிகளை அவர் வரையவில்லை. அந்தச் சன்னலிலிருந்து தெரியாத ஊர் ஒன்றைத் தாமே சேர்த்தார். அடைபட்ட ஒருவர் கம்பியை நீக்கி ஊரைச் சேர்த்தார் என்பது நோயுற்றவருக்கு ஆறுதல் தரும் செய்தி.

ஆனால் இதோடு ஒட்டிவரும் ஒரு கருத்தை மறுக்க வேண்டும். 'பித்தே மேதைமை, துன்பமே கலைக்கு ஊற்று' என்பது அது. நோய் தாக்கிய நாள்களில் வான் கோவால் வேலை செய்ய இயலவில்லை. தெளிந்த நாள்களில்தான் வரைந்தார். நோயைப் புகழ்வதற்காக இவ்வோவியத்தை அணிபவர், நோயோடு போராடி வேலை செய்த மனிதரைத் தவறாகப் படிக்கிறார். மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். உதவி கேட்க வேண்டிய துன்பத்தை அழகு என்று எண்ணிப் பொத்தி வைப்பது ஆபத்து.

தோலுக்கும் பொருளுக்கும் ஏற்றது அவருடைய 'வாதுமைப் பூக்கள்' என்பது என் கருத்து. 1890 ஜனவரி 31 அன்று தம்பி தியோவுக்கு ஆண் குழந்தை பிறந்து, அதற்கு வின்சென்ட் என்றே பெயரிட்டார்கள். அக்குழந்தைக்குப் பரிசாகப் பெரியப்பா வரைந்தது இது. நீல வானத்தின்முன் முறுக்கிய கிளைகள், வெண்பூக்கள். குளிர்காலம் முடியுமுன்பே, பிப்ரவரியில் பூப்பது வாதுமை. அழுத்தமான புறக்கோடு ஜப்பானிய அச்சுப்படங்களிலிருந்து அவர் கற்றது. அப்படங்களை அவர் விரும்பிச் சேகரித்தவர். ஹொக்குசாயின் அலையைக் கூரிய நகங்களுக்கு ஒப்பிட்டுத் தம்பிக்குக் கடிதமும் எழுதியிருக்கிறார். கோட்டை நம்பிய படம் என்பதால் இது தோலில் சிதையாமல் நிற்கிறது.

இந்த ஓவியம் வரைந்த ஆண்டிலேயே ஜூலை 29இல் வான் கோ இறந்தார். ஆறு மாதத்தில் தியோவும் இறந்தார். அக்குழந்தை வளர்ந்து, பெரியப்பாவின் ஓவியங்கள் சிதறாமல் காத்து, 1973இல் ஆம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகம் திறக்கக் காரணமாக இருந்தார். ஆகவே பிள்ளை பிறந்த மகிழ்ச்சிக்கும் பிரிந்தவரின் நினைவுக்கும் இப்பூக்கள் பொருந்தும். இரண்டு பொருளையும் ஓவியத்தின் வரலாறே தாங்குகிறது.

மெதூசா: திருப்பப்பட்ட பொருள்

பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்கள் மெதூசாவின் முகத்தைக் குத்திக்கொள்வது அண்மைக்காலத்தில் பெருகியுள்ளது. உரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதைப்படி, மெதூசாவைக் கோவிலுக்குள் கடல்தெய்வம் வன்புணர்ந்தது. தண்டனை அவளுக்கே கிடைத்தது. கூந்தல் பாம்புகளாயிற்று, அவளை நேரே பார்ப்பவர் கல்லாவார்கள் என்றாயிற்று. பின்னர் பெர்சியஸ் அவள் தலையைக் கொய்தான். ஏறத்தாழ 1597இல் கரவாஜியோ கேடயத்தின்மீது தீட்டிய மெதூசா, வெட்டுண்ட கணத்தில் அலறும் தலை. செல்லினியின் வெண்கலச் சிலையில் பெர்சியஸ் அவள் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். இவை வென்றவனின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டவை.

2008இல் லூச்சானோ கர்பாத்தி இதைத் திருப்பினார். அவர் சிலையில் மெதூசா வாளுடன் நிற்கிறாள். கையில் பெர்சியசின் தலை. 2020இல் நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே அது வைக்கப்பட்டது. குற்றம் செய்தது கடல்தெய்வமாயிற்றே, தலை ஏன் பெர்சியசுடையது என்று அப்போதே சிலர் கேட்டார்கள். சரியான கேள்வி.

பெண்கள் அணியும் மெதூசா இச்சிக்கலில் மாட்டவில்லை. பெரும்பாலும் அதில் வாளும் இல்லை, வெட்டிய தலையும் இல்லை. நேரே பார்க்கும் முகம் மட்டுமே இருக்கிறது. பண்டைய கிரேக்கர்கள் கேடயத்திலும் கோவில் முகப்பிலும் தீமையை விரட்ட இம்முகத்தையே வைத்தார்கள். நம் ஊரில் கட்டி முடியாத வீட்டில் தொங்கும் திருஷ்டி பொம்மையின் வேலைதான். ஆக, அப்பெண்கள் புதுப்பொருள் படைத்ததோடு, ஓவியர்கள் மறந்த பழைய பொருளையும் மீட்டிருக்கிறார்கள். கரவாஜியோவின் கலைத்திறன் பெரிது. ஆனால் மெதூசாவைப் புரிந்துகொண்டதில் இப்பெண்கள் அவரைவிட முன்னே நிற்கிறார்கள் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

எப்படி மதிப்பிடுவது

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம்.

முதலாவது, அணிந்தவருக்கு மூலம் தெரியுமா? ஓவியத்திலிருந்து விலகுவது குற்றமில்லை. விலகியதை அறியாதிருப்பதே குறை.

இரண்டாவது, சொல்லும் பொருளைப் படத்தில் காட்ட முடிகிறதா? விட்டது, சேர்த்தது, குத்திய இடம் ஆகியவற்றில் அப்பொருளுக்குத் தடயம் இருக்க வேண்டும். எந்தப் படத்துக்கும் பொருந்தும் 'வலிமை', 'நம்பிக்கை' போன்ற சொற்கள் விளக்கமாகா.

மூன்றாவது, தோலுக்கு ஏற்ற படமா? இருபது ஆண்டு கழித்தும் அடையாளம் தெரிய வேண்டும்.

இவை மூன்றும் கலை பற்றிய அளவுகோல்கள். இவற்றைத் தாண்டி ஒன்று உண்டு. ஒருவர் துயரத்துக்கு நாம் மதிப்பெண் போட முடியாது. பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், இவ்வளவு வலியை நினைவுபடுத்தும் படம் எதற்கு, தம்பி முகத்தைக் குத்தியிருக்கலாமே என்று மாணவியிடம் கேட்டுவிட்டேன். "அவன் போட்டோ ஒண்ணுகூட இல்லை டீச்சர். வீட்டோட போயிடுச்சு" என்றாள். எனக்கு அந்தப் பையனைத் தெரியும். அக்காவை அழைத்துப் போக வகுப்பு வாசலில் வந்து நிற்பான். அவள் கேட்டாள், அவன் முகம் எப்படி இருக்கும் என்று நான் சொன்னேன். நினைவில் இருந்தவரை சொன்னேன்.

முடிவுரை

ஓவியத்தின் பொருள் ஓவியரோடு முடிந்துவிடுவதில்லை. அதற்காக யார் சொன்னாலும் பொருளாகிவிடுவதும் இல்லை. படத்தை ஊன்றிப் பார்த்து, அதன் வரலாற்றை அறிந்து, தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தவர் சொல்லும் பொருளுக்கு மதிப்பு உண்டு, அவர் அதைத் தாளில் எழுதினாலும் தோலில் எழுதினாலும்.

பச்சை குத்த விரும்பும் மாணவர்களுக்கு ஓர் ஆசிரியையின் வேண்டுகோள். பதினெட்டு வயது நிறையட்டும். ஒவ்வொருவருக்கும் புது ஊசி பயன்படுத்தும் இடமா என்று பாருங்கள். தேர்ந்த ஓவியத்தை ஒரு தாளில் அச்செடுத்து, படிக்கும் மேசைக்கு மேலே ஓராண்டு ஒட்டி வையுங்கள். அந்த ஓராண்டில் அதில் முன்பு காணாத ஒன்றையாவது நீங்கள் கண்டால், பிறகு முடிவு செய்யுங்கள்.